பித்தான் வைக்காத சட்டை

சபா மாநிலம், செம்பனைத் தோட்டம்

அன்புள்ள பெனிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் உயிரோடு நலமாக இருக்கிறேன். உனக்கு முதுகுவலி தேவலையா? மாமாவுக்கு இருமல் நின்றதா? எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. ஆலையில் பழக்குலை தள்ளும்போது கையில் அடிபட்டது. நன்றாகத்தான் வைத்தியம் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் இடது கையால் சிலுவை அடையாளம் போட்டேன். பின்னால் நின்ற பெரியவர், "ஏம்பா, சாமிக்கே இடது கையா? வீட்ல சொல்லிக் குடுக்கலையா?" என்றார். நான் திரும்பி மற்ற கையைக் காட்டினேன். பாவம், பூசை முடியும்வரை அவர் தலை நிமிரவில்லை.

நம் குழந்தையைப் புதைத்த அன்று, "ஆண்டவர விட்டுடாதீங்க" என்று அழுதாய். நான் செபமாலையைத் தூக்கி எறிந்தேன். நீ அதைப் பொறுக்கி என் பெட்டியில் வைத்தது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது தினமும் உருட்டுகிறேன். நம்பிக்கை திரும்பிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.

பித்தான் வைக்காத சட்டை இரண்டு தைத்து அனுப்பு, தலை வழியாகப் போடுகிற மாதிரி. கல்யாண மோதிரம் பத்திரமாக இருக்கிறது. செபமாலையில் கோத்து வைத்திருக்கிறேன்.

கடிதம் கொண்டுவரும் நம் ஊர்க்காரர் கோபோங்குக்குக் கப்பல் நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் மாமாவிடம் முன்கூட்டியே சொல்லி வை. நான் ஊருக்கு வந்து வெற்றிலைத் தட்டை இடது கையால் நீட்டினால் அவமரியாதையாக நினைக்க வேண்டாம். வேறு கை இல்லை.

உன் சூபான்