மாட்டுத் தாதுஉப்பைத் தின்ற மகளுக்கு

பந்தல்குடி
14.6.1993

அன்பு மகள் ரேணுகாதேவிக்கு அம்மா சண்முகவடிவு எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே பரோடாவில் நீயும் மாப்பிள்ளையும் நல்ல சுகம்தானே என்று வழக்கம்போல எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீ சுகமாக இல்லை என்பது நேற்றுச் சாயங்காலம் எனக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது, நான் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அடி பாவி மகளே, மாட்டுக்குப் போடுகிற தாதுஉப்பையா எடுத்துத் தின்றாய்? உனக்கு என்ன புத்தி கெட்டுப்போயிற்றா?

யார் சொன்னது என்று நீ மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டில் இருக்கிற பிருந்தா பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள் அல்லவா, அவளும் அவள் அம்மாவும் எம்.ரெட்டியபட்டியிலிருந்து எங்களைப் பார்க்க வந்தார்கள். காப்பி கொடுத்துவிட்டு எங்க புள்ள எப்படி இருக்கா என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்கா பெரியம்மா என்றாள், ஆனால் முகம் சரியில்லை. துருவிக் கேட்டதும், காலையில வாந்தியா எடுக்கா என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. கல்யாணமாகி நாலு வருஷத்துக்குப் பிறகு கண்ணைத் திறந்தாரே என்று இருளப்பசாமி கோயிலுக்குப் பொங்கல் வைப்பதாக மனசுக்குள் நேர்ந்துகூட விட்டேன். அதற்குள் அவள் கண் கலங்கி, நானும் அப்படித்தான் நெனச்சேன் பெரியம்மா, அது இல்ல, அக்கா ஒரு பொடிய தெனம் காலையில கரண்டியில அள்ளித் தண்ணியில கலக்கிக் குடிக்கா, அதக் குடிச்சாத்தான் கொமட்டுது, என்ன பொடின்னு கேட்டா எங்கப்பா கடை மருந்துங்கா, ஒரு நா அடுப்படியில அந்தப் பாக்கெட்ட நானே பாத்தேன், மேல மாட்டுப் படம் போட்டிருக்கு என்றாள். என்னிடம் சொன்னதை உனக்குச் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். நானும் தலையை ஆட்டினேன். இப்போது சொல்லிவிட்டேன், அவள்மேல் நீ கோபப்படக் கூடாது.

உன் அப்பா அப்போதுதான் மாட்டுத்தீவனக் கடையை அடைத்துவிட்டு உள்ளே நுழைந்தார்கள். மாட்டுப் படம் என்றதும் அப்படியே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அனுப்பியது அவர்கள்தானே! பங்குனி மாதம் நீ எழுதியிருந்தாய், லாரி ஓட்டுகிற சின்னத்துரை மிளகாய் வற்றல் லோடு ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தால் தாதுஉப்பு நாலு பாக்கெட் கொடுத்துவிடுங்கள் என்று. எதற்கு என்று நீ எழுதவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. மாப்பிள்ளை குவார்ட்டர்ஸில் பால்மாடு வாங்கிவிட்டார் என்று தானாக நினைத்துக்கொண்டு, புண்ணாக்கு வாங்க வருகிறவன் பருத்திக்கொட்டை வாங்க வருகிறவன் எல்லாரிடமும், எம் மருமகன் வடநாட்டுல மாடு வாங்கிட்டாருல்ல என்று பெருமையடித்ததும் அல்லாமல், பாக்கெட்டோடு கழுத்துமணி ஒன்றையும் கட்டி அனுப்பினார்கள். அந்த மணியைப் பார்த்தபோதாவது உனக்கு வாய் திறக்கவில்லையா? மாடு எல்லாம் இல்லை அப்பா, தின்கிறது நான்தான் என்று ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா? நேற்று இரவு முழுக்க இவர்கள், எங்கையால எம் மகளுக்கு நானே குடுத்தனே, நானே குடுத்தனே என்று புலம்பித் தீர்த்துவிட்டார்கள்.

எதற்காகத் தின்றாய் என்பதையும் பிருந்தா சொல்லிவிட்டாள். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு எல்லாரும் வேனில் போனீர்களாம், உன் பக்கத்தில் இருந்த ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாளாம், அன்றையிலிருந்து உன் உடம்பில் வாடை அடிக்கிறது என்று நீயே முடிவு கட்டிவிட்டாயாம். சித்திரை வெயிலில் அத்தனை பேரை அடைத்துக்கொண்டு போன வேனில் அவள் டீசல் வாடைக்குப் பொத்தினாளோ, குமட்டலுக்குப் பொத்தினாளோ, யார் கண்டது? ஏதோ வாரப் பத்திரிகையில் உடம்பில் துத்தநாகமும் மக்னீசியமும் குறைந்தால் வேர்வை நாறும் என்று போட்டிருந்ததைப் படித்தாயாம். மெடிக்கல் கடையில் போய் அந்த ஊர்ப் பாஷையில் எனக்கு உடம்பு நாறுகிறது, மாத்திரை கொடு என்று கேட்க வெட்கமாம். சின்னப் பிள்ளையில் கடையில் உட்கார்ந்து பாக்கெட் பாக்கெட்டாக எழுத்துக்கூட்டிப் படித்தவள் அல்லவா, துத்தநாகம், மக்னீசியம், தாமிரம் என்று மாட்டு உப்புப் பாக்கெட்டில் அச்சடித்திருந்தது உனக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கிறது. படித்தது இதற்குத்தானா தாயி?

அது மட்டுமா, எலுமிச்சம்பழத்தை அறுத்து ஆப்பச்சோடாவில் தொட்டுக் கக்கத்தில் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து, கையைத் தூக்கித் தலைசீவ முடியாமல் நிற்கிறாயாம். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, கருவாடு வீட்டுக்குள் வரக்கூடாது, வெந்தயத்தையும் மோரையும் குடித்துக்கொண்டு கிடக்கிறாய். மாப்பிள்ளை சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாகச் சாப்பிடுகிறாய், அடுப்படியில் பாய் போட்டுப் படுக்கிறாய் என்று பிருந்தா சொன்னபோது அவள் அம்மாவும் என்னோடு சேர்ந்து அழுதுவிட்டாள். தைப்பொங்கலுக்கு நீ வராததற்கு ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று எழுதினாயே, அதுவும் பொய்யா? பெட்டிக்குள் நாலு பேரோடு உட்காரப் பயந்துதானே வரவில்லை? எனக்கு எல்லாமே இப்போதுதான் விளங்குகிறது.

காலையில் விடிந்ததும் விடியாததுமாக அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே ஓடினார்கள் தெரியுமா, மாட்டு டாக்டர் வீட்டுக்கு! அவசரத்தில் அவர்களுக்குத் தெரிந்த டாக்டர் அவர்தானே. அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், வாயில் நுரையோடு, என்னய்யா சொல்றீரு, மனுசி திங்கிறதா அது, மொதல்ல நிப்பாட்டச் சொல்லும் என்று சத்தம் போட்டு விரட்டியிருக்கிறார். பிறகு இரண்டு பேரும் முதல் பஸ்ஸுக்கு அருப்புக்கோட்டை போய் மனுஷ டாக்டரைப் பார்த்தோம். நல்ல பெண்பிள்ளை, பொறுமையாகக் கேட்டார். மாட்டு உப்பில் மாட்டுக்கு வேண்டிய அளவில் எல்லாம் கலந்திருக்கும், மனிதர் சாப்பிடுகிற சுத்தமும் இருக்காது, உடனே நிறுத்த வேண்டும், ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். துத்தநாகம் மிஞ்சிப்போனால் வாந்தி, வயிற்றுவலி, நாளாக நாளாக உடம்பில் தாமிரம் குறைந்து ரத்தமே சுண்டிப்போகுமாம். நல்ல மாத்திரையாக இருந்தாலும் குறை இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் போடவேண்டுமாம், அதைத் தின்றால் வாடை போகும் என்பதற்கும் உறுதி இல்லையாம். வேர்வைக்கென்று தனியாக நாற்றம் பெரிதாகக் கிடையாதாம், தோலில் இருக்கிற கிருமிதான் அதை நாறவைக்கிறதாம். சோப்புப் போட்டுக் குளித்து ஈரம் போகத் துடைத்து, வெயிலில் காய்ந்த நூல்துணி உடுத்தினால் முக்கால்வாசி போய்விடும் என்றார். படிகாரத்தைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தடவலாமாம், ஆனால் உன் தோல் ஆறுகிற வரைக்கும் அதுவும் வேண்டாம், எலுமிச்சை சோடா பக்கமே போகக்கூடாது. திடீரென்று புதிதாக வாடை வந்திருந்தால் சர்க்கரை, தைராய்டு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். இதையெல்லாம் மறக்காமல் அங்கே டாக்டரிடம் சொல்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். எனக்கு மாப்பிள்ளைமேல் அவ்வளவு ஆத்திரம். பொண்டாட்டி அடுப்படியில் படுக்கிறாள், இந்த மனுஷன் என்ன செய்துகொண்டிருக்கிறார், இவர் ஏதாவது சொல்லாமலா அவள் இந்தப் பாடு படுகிறாள் என்று. அவர் வேலை பார்க்கிற உரக் கம்பெனி ஆபீஸுக்குப் போன் போட்டு அவரைக் கூப்பிடச் சொன்னோம். அப்பா ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் சுற்றி வளைக்கவில்லை. எம் மக மேல வாடை அடிக்குன்னு நீங்க ஏதும் சொன்னீகளா மாப்பிள்ளை என்று கேட்டேவிட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார், அவ மேல இல்ல அத்தை, எம் மேலதான் அடிக்கி, பிளாண்டுல அமோனியா, எத்தன சோப்புப் போட்டாலும் போகமாட்டேங்கு, அதனாலதான் அவ பக்கத்துல வரமாட்டேங்கா, தனியா சாப்பிடுதா, தனியாப் படுக்கா, நானும் கம்பெனியிலயே ரெண்டு தடவ குளிச்சி செண்டு அடிச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போறேன், வேற வேலை பாக்கலாம்னாலும் கெடைக்க மாட்டேங்கு அத்தை. கல்யாணத்தன்றுகூட நிமிர்ந்து பேசாத மனுஷன், போனிலே அழுகிறார். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பூத்துக்காரப் பையன் மீட்டரைக் காட்டுகிறான்.

தாதுஉப்பு விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன், உடம்புக் காரியத்தில் ஒளிவுமறைவு கூடாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் அவர் பாக்கெட்டைப் பிடுங்கி எறிந்து, லீவு போட்டு உன்னை டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார். நீ ஏன் தின்றாய் என்று என்னிடம் கேட்டார். அத அவளே சொல்லுவா மாப்பிள்ளை என்று வைத்துவிட்டேன். நான் சொல்வது சரியில்லை, நீதான் சொல்லவேண்டும். வெட்கப்படாதே, அங்கே உனக்கு இருக்கிற ஒரே சொந்தம் அந்த மனுஷன்தான்.

அப்பா வருகிற வாரம் ரயிலேறி அங்கே வருகிறார்கள், நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, மகளை நேரில் பார்த்தால்தான் ஆறும் என்கிறார்கள். அவர்களிடம் நார்த்தங்காய் ஊறுகாயும் கருவாடும் கொடுத்துவிடுகிறேன், கட்டாயம் சாப்பிடவேண்டும். இருளப்பசாமி துணையிருந்து நீங்கள் இரண்டு பேரும் உடம்பும் மனசும் தேறி நீடூழி வாழவேண்டும். இன்னும் ஒன்று, அப்பா அங்கே வந்து இறங்குமுன் இதை மறக்காமல் செய். ஒருநாள் மாப்பிள்ளையைக் கம்பெனியில் குளிக்காமல், செண்டு அடிக்காமல் நேரே வீட்டுக்கு வரச் சொல். நீயும் அன்றைக்குச் சாயங்காலம் குளிக்காதே. இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து சோறு தின்னுங்கள். யார்மேல் நாற்றம் அடித்தது என்று அதற்குப் பிறகு எனக்கு எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
சௌ. சண்முகவடிவு