உளிக்கலப்பை நின்ற இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

கடலை போட நேற்று நிலத்தை உழுதோம். போன மழையில் தண்ணீர் உள்ளே இறங்காமல் நின்று, செடியெல்லாம் அழுகிவிட்டது. அடிமண் இறுகிவிட்டதாம். அதனால் வரதய்யபாளையத்திலிருந்து உளிக்கலப்பை மாட்டிய டிராக்டரை வரவழைத்தார் உன் கொழுந்தனார். அது முழ ஆழத்துக்கு மண்ணைப் பிளந்துகொண்டு போனது.

நிலத்தின் நடுவே வந்ததும் டிராக்டர் திணறியது. ஓட்டிவந்த சுனில் இறங்கிப் பார்த்தான்.

"இன்னாக்கா, இங்க மட்டும் பாறையாட்டம் கீது? லாரி கீரி போய்க்கினு இருந்துச்சா?"

"லாரி இல்லப்பா. நாங்க ரெண்டு பேரு நடந்துக்கினு இருந்தோம்," என்றேன்.

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடந்து நடந்து நாம் போட்ட ஒற்றையடிப் பாதை அது. குழம்புக் கிண்ணத்தோடு நீ வருவாய். கட்டிய பூவோடு நான் எதிரே வருவேன். பாதி வழியில் உட்கார்ந்து பேசிப் பேசியே குழம்பு ஆறிப்போகும். அண்ணன் தம்பி பேச்சு நின்று, நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருச்சானூர் போன பிறகு அதில் புல் முளைத்துவிட்டது.

"இன்னொரு தபா வுட்டு இழுக்கட்டுமாண்ணா?" என்று சுனில் அவரைக் கேட்டான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அத வுட்டுடு," என்றார் அவர். "அண்ணன் வந்தா எப்படி நடப்பாரு?"

அவர் வாயில் 'அண்ணன்' என்ற சொல்லைக் கேட்டு மூன்று வருஷமாகிறது, அக்கா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இங்கே காத்திருக்கும்
உன் ஓரகத்தி