அவள் வண்டிக்கு நான் ஊற்றிய ஆயில்

மார்ச் 3, செவ்வாய்

கடைக்கு இன்று ஒருவர் கையில் மாவுக்கட்டோடு வந்தார். கீழே விழுந்ததில் மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டதாம், புதிது வேண்டும் என்றார். நான் அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்காமல் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டுவைத்தேன். மோட்டார் சைக்கிளில் ஆயில் வற்றி, முதலில் மேட்டில் முக்கி, அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் இறுகி, பின்சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டதாம். "வண்டி நின்னுருச்சு, நான்தான் நிக்கல" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குக் கண் சோதித்து அனுப்பியதும் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டேன்.

என் மனைவி ஒரு டீச்சராக ஆகியிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். மாட்டு டாக்டராகித் தொலைத்தாள். மலைமேல் இருக்கிற பண்ணைகளுக்கெல்லாம் தினமும் மோட்டார் சைக்கிளில்தான் ஏறி இறங்குகிறாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவள் வண்டியைப் பார்த்தேன். இன்ஜினின் வலது பக்கம் அடியில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கண்ணாடி வட்டம் இருக்கிறது. அதில் இரண்டு கோடுகள். ஆயில் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நான் பார்த்தபோது கீழ்க்கோட்டுக்கும் கீழே எங்கோ கிடந்தது.

அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? போன மழைக்காலத்தில், பிரேக் தளர்வாக இருக்கிறதே என்று நானாக இறுக்கிவைத்ததில், சக்கரம் சரியாகச் சுற்றாமல் அவள் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனாள். அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "என் வண்டி, என் பாடு. நீங்க உங்க கண்ணாடியைப் பாருங்க."

மார்ச் 5, வியாழன்

வேலை முடிந்தது. ஆயில் டப்பா வாங்கிவந்து, அவள் குளிக்கப் போன நேரத்தில் சமையலறைப் புனலை வைத்து ஊற்றினேன். வட்டத்தில் ஆயில் மெல்ல ஏறி நடுவில் வந்து நின்றது. புனலைச் சோப்புப் போட்டுக் கழுவி, இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டேன். இன்று நல்ல தூக்கம் வரும்.

மார்ச் 8, ஞாயிறு

மறுபடி கீழே போயிருக்கிறது!

ஊற்றியது எங்கே போச்சு? தரையில் ஒரு சொட்டுக் கறைகூட இல்லை. அப்படியென்றால் உள்ளேயே எரிகிறதா? ஆயிலைக் குடிக்கிற வண்டியையா அவள் மலைமேல் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்? கோடுவரை திரும்ப ஊற்றினேன். ஊற்றும்போது பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து பார்த்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். பக்கத்தில் செடி எதுவும் இல்லை.

மார்ச் 9, திங்கள்

புனலில் ஏன் பெட்ரோல் பங்க் வாசனை அடிக்கிறது என்று கேட்டாள். தெரியலையே என்றேன்.

மார்ச் 12, வியாழன்

மூன்றாவது தடவையும் இறங்கியிருக்கிறது. இது வண்டியா, குடிகாரனா?

அவளைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது. பண்ணைகளில் மாடுகளுக்கு ஏதோ காய்ச்சல் பரவுகிறதாம். விடிவதற்கு முன் கிளம்புகிறவள் இருட்டித்தான் திரும்புகிறாள். நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். இந்த அலைச்சலில் வண்டியும் கைவிட்டால்? கண்ணை மூடினால் அந்த மாவுக்கட்டுக்காரரின் கை வருகிறது. கையோடு நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று மனசு அடுத்த படிக்குத் தாவுகிறது. இதை எழுதக்கூடக் கூடாது.

மேல்கோடு வரை ஊற்றிவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் மாட்டுக்குக் காய்ச்சல் விட்டுவிடுமா? போய்விட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போதே சொன்னாள், வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது, மேட்டில் முக்குகிறது என்று. இன்ஜின் இறுகப் போகிறது. மாவுக்கட்டுக்காரரும் இதைத்தானே சொன்னார், முதலில் வண்டி முக்கித் திணறியது, அப்புறம் நின்றது என்று?

அவள் உள்ளே போனதும் டப்பாவில் மிச்சம் இருந்ததை எல்லாம் கவிழ்த்தேன். வட்டமே தெரியாமல் கறுப்பாக நிறைந்துவிட்டது. போதுமா என்று சந்தேகம். போதாமல் இருப்பதைவிடக் கூட இருப்பது நல்லதுதானே.

மார்ச் 16, திங்கள்

காலையில் வண்டியைக் கிளப்பியதும் பின்னால் வெள்ளையாகப் புகை. தெருவே மறைகிற அளவுக்கு. அவள் புகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஒரு பண்ணையிலிருந்து போன் வந்துவிட்டது. போய்விட்டாள்.

சாயந்தரம் வந்து சேரும்வரை கடையில் உட்கார முடியவில்லை. வந்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். என்ன சொல்ல வந்தாய் என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய் — கடையில்

கடவுளே.

காலையில் ஒரு அம்மா கண் சோதிக்க வந்தார். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "தலையைச் சாய்க்காதீங்கம்மா, சாய்ஞ்சு பார்த்தா அளவு தப்பா வரும்" என்றேன். கடை திறந்த நாளிலிருந்து தினமும் சொல்கிற வாக்கியம். சொல்லி முடித்ததும் எனக்கே சுருக்கென்றது.

அவள் வண்டிக்கு நடு ஸ்டாண்ட் உடைந்து எத்தனையோ காலம் ஆகிறது. பக்க ஸ்டாண்டில்தான் நிற்கும், இடது பக்கம் சாய்ந்து. கண்ணாடி வட்டம் இருப்பது வலது பக்கம். சாய்ந்த வண்டியில் ஆயில் எல்லாம் இடது பக்கம் ஓடிவிடாதா? நிறைய இருந்தாலும் வலது பக்கக் கண்ணாடியில் குறைவாகத்தானே தெரியும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பிறத்தியார் கண்ணைச் சோதித்துப் பிழைக்கிற எனக்கு என் கண்ணின் லட்சணம் தெரியவில்லை.

அந்த அம்மாவை உட்காரவைத்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். யாரோ ஒருவர் வண்டிக்கு என்பது போலக் கேட்டேன். நிமிர்த்திப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். அப்புறம் ஆயில் கூடினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"குறைஞ்சாலும் வம்பு, கூடினாலும் வம்பு சார். உள்ள நுரைச்சு, எங்க வழி கிடைக்குதோ அங்க பீச்சும். பின் டயர்ல பட்டுச்சுன்னா வளைவுல வழுக்கிரும். யாரு சார் ஊத்துனது?"

தெரியல என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவள் போன் கிடைக்கவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே, தொடர்பு எல்லைக்கு வெளியே. மலைமேல் எப்போதுமே கிடைக்காதுதான். எப்போதும் கிடைக்காது என்று எனக்கும் தெரியும். இருந்தும் அடித்துக்கொண்டே இருக்கிறேன். வளைவுல வழுக்கிரும்னு சொன்னாரே. இந்நேரம் எந்த வளைவில் இருப்பாள்? நான் ஏன் ஊத்தினேன், நான் ஏன் ஊத்தினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, இப்போது குடையுதே குடையுதே என்றால்?

கடையைப் பூட்டுகிறேன். பால் வண்டி மலைக்குக் கிளம்பும் நேரம்.

அதே நாள் — பால் வண்டியில்

எழுத்து கோணுகிறது. சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும், அதனால் எழுதுகிறேன். டாக்டரம்மா வீட்டுக்காரரா என்று கேட்டார் டிரைவர். அவங்க வண்டி வந்தா நாங்கதான் சார் ஒதுங்குவோம் என்று பெருமையாகச் சொன்னார். இது ஆறுதல் என்று நினைத்துச் சொல்கிறார், பாவம்.

தார் ரோட்டில் கறுப்புச் சொட்டுகளைத் தேடிக்கொண்டு வருகிறேன். இருக்கிற மாதிரியும் இருக்கிறது, நிழல் மாதிரியும் இருக்கிறது.

டிரைவர் வேகத்தைக் குறைக்கிறார். ஓரமாக ஒரு வண்டி விழுந்து

மார்ச் 18, புதன்

உயிரோடு இருக்கிறாள். அடுத்த அறையில் தூங்குகிறாள். இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

நேற்று வண்டி மட்டும்தான் கிடந்தது, இறக்கத்து வளைவின் புல்லில். பின்சக்கரம் எண்ணெய் தேய்த்த தலையாக மினுமினுத்தது. அவளைக் காணோம். கூப்பிட்டுப் பார்த்தேன். டிரைவரும் கத்தினார். பள்ளத்தை எட்டிப் பார்க்கச் சொன்னார். நான் அவள் வண்டியை நிமிர்த்தப் போனேன். அவரே போய்ப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றும் இல்லை சார் என்றார். அந்தக் கொஞ்ச நேரத்தை என் ஆயுளில் கழித்துக்கொள்ளலாம்.

வளைவுக்குப் பின்னால் ஒரு பண்ணை இருந்தது. ஓடினோம். கொட்டகையில் நின்றுகொண்டு இடது கையால் ஒரு மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். வலது முழங்கையில் துணிக்கட்டு, அதில் ரத்தம். என் முகத்தைப் பார்த்ததும் பண்ணைக்கார அம்மாவிடம், முதலில் இவருக்குத் தண்ணீர் கொடுங்கள் என்றாள். அடிபட்டவள் அவள். தண்ணீர் குடித்தவன் நான்.

அப்படியே சொல்லிவிட்டேன். "நான்தான் ஆயில் ஊத்தினேன்."

"தெரியும்" என்றாள்.

முதல் நாளே தெரியுமாம். வண்டியின் சத்தம் மாறியிருந்ததாம். ஒரு பண்ணையில் ஆளைவிட்டு நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தால் மேல்கோட்டுக்கும் மேலே. மாட்டுக்கு மருந்து புகட்டுகிற பெரிய ஊசிக்குழலில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, கூடுதலை உறிஞ்சி எடுத்துவிட்டாள். நான் மறுபடி ஊற்றியிருக்கிறேன். அவள் மறுபடி எடுத்திருக்கிறாள். நான் ஊற்ற ஊற்ற இறங்கியது அதனால்தான். இந்த வாரம் காய்ச்சல் மாடுகளுக்கு நடுவில் அவளுக்கு எடுக்க நேரமில்லை. எனக்கு ஊற்ற நேரம் இருந்தது.

கோபம் வந்தது. என்மேலா, அவள்மேலா, தெரியவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீங்க இன்னும் பயப்படுவீங்க."

பயந்தாங்கொள்ளி என்று தெரிந்துதானே கட்டிக்கொண்டாய் என்று கேட்டேன். அவள் ஊசியை வைத்துவிட்டு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வீட்டுல பயப்படுற வேலை முழுக்க நீங்களே எடுத்துக்கிட்டீங்க. எனக்குன்னு கொஞ்சம்கூட மிச்சம் வைக்கல. இந்த இறக்கத்துல எத்தனை நாள் எனக்குக் கை உதறியிருக்கு தெரியுமா? வந்து சொன்னா, அப்புறம் உங்களைத் தேத்துறதே எனக்கு வேலையாப் போயிரும்."

பால் வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு வந்தேன். வழி நெடுக அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள்.

மார்ச் 20, வெள்ளி

மெக்கானிக் ஆயிலை இறக்கினார். வந்துகொண்டே இருந்தது. காற்று வடிகட்டியைப் பிழிந்தால் சொட்டியது. "இதுல இன்னொரு வண்டி ஓட்டலாம் சார்" என்றார். யார் ஊற்றியது என்று மறுபடி கேட்டார். நான்தான் என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். டயரைத் துடைத்துக்கொண்டே, டாக்டரம்மாவுக்கு நல்ல காலம் என்றார்.

மார்ச் 22, ஞாயிறு

முழங்கைக் கட்டை நான்தான் மாற்றினேன். எரியுதா என்றேன். "எரியுது" என்றாள். வழக்கமாக இல்லை என்பாள்.

மார்ச் 26, வியாழன்

இன்றுதான் திரும்ப வேலைக்குப் போனாள். கிளம்புமுன் ஆயில் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் அது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் நிமிர்த்திப் பிடித்தால்தான் மற்றவர் பார்க்க முடியும். நான் ஹேண்டிலைப் பிடித்து வண்டியை நேராக நிறுத்தினேன், அவள் குனிந்தாள். நடுவில் நிற்கிறது என்றாள். சரி என்றேன். நானும் ஒரு தடவை பார்க்கட்டுமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

ஹெல்மெட்டை மாட்டப் போனவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னைக்கு அந்த இறக்கத்துல இறங்கணும். பயமா இருக்குங்க" என்றாள்.

போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். "எந்த இடத்துல?" என்று மட்டும் கேட்டேன். பண்ணை தாண்டியதும் ஜல்லி பரந்து கிடக்கிற இடம் என்றாள். அங்கே எதிரே லாரி வந்தால் ஒதுங்க வழி இல்லை என்றாள். மழையில் ஒரு நாள் அங்கேயே வண்டியை நிறுத்திவிட்டு அழுததைச் சொன்னாள். இத்தனை நாளில் எனக்குத் தெரியாத கதை. அவசரம் இல்லாமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

சொல்லி முடிக்கும்வரை வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.