பச்சை லேபிள்

அப்பா,

இன்று சாயங்காலம் மாமா உங்கள் தோல் பையைக் கூடத்தில் கவிழ்த்தார். சாம்பிள் புட்டிகள் உருண்டன. ஒன்றின் மூடி கழன்று தைல நெடி வீடெங்கும் பரவியது. அம்மா மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை, அழுதாள். இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். மாமா விழித்தால் இந்த நேரத்தில் விளக்கு எதற்கு என்பார். அதற்குள் எழுதிவிட வேண்டும்.

லீவு நாட்களில் விக்கிரவாண்டி, திண்டிவனம் என்று மருந்துக் கடை கடையாக உங்களோடு வந்திருக்கிறேன். விக்கிரவாண்டிக் கடைக்காரருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பச்சை லேபிள் குடிக்கிற மருந்து, சிவப்பு மேலே தடவுகிறது என்று நீங்கள்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

"எழுத்து இன்னாத்துக்கு சார்? பச்சைன்னா உள்ளே வுடு, செவப்புன்னா வெளியவே நிறுத்து. விழுப்புரம் ஸ்டேஷன் கைகாட்டியாட்டம்!" என்று சிரிப்பார்.

ஒரு நாள் உங்கள் மருந்துக் கம்பெனி, மேலே தடவும் தைலத்துக்கும் பச்சை லேபிளையே ஒட்டி அனுப்பியது. பார்சலைப் பிரித்த அன்றே கம்பெனிக்குக் கடிதம் எழுதினீர்கள். உங்கள் அடித்தல் திருத்தலைப் பார்த்து நான்தான் நல்ல பிரதி எடுத்தேன். பதிலே இல்லை. கடை கடையாக எச்சரித்துக்கொண்டே போனீர்கள். நீங்கள் விக்கிரவாண்டிக்குப் போய்ச் சேருவதற்குள், இருமலுக்கென்று ஒரு குழந்தைக்குத் தைலத்தைக் கொடுத்துவிட்டார்கள். தொண்டை வெந்து, எப்படியோ பிழைத்தது.

"கடைக்காரரைத் திட்டாதம்மா. நெறத்தை நம்புங்கன்னு சொன்னவன் நான்தானே" என்று என்னிடம் சொன்னீர்கள். அதன்பின் நீங்கள் சரியாகச் சாப்பிடவேயில்லை. ஒரு மாதத்தில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டீர்கள்.

அப்படி ஒரு கடிதம் வரவே இல்லை என்கிறது கம்பெனி. தவறு முழுக்க உங்களுடையதாம். நாளைக் காலை கம்பெனி ஆபீசர் வருகிறார். அதை ஒப்புக்கொண்டு அம்மா கையெழுத்துப் போட்டால், உங்கள் வேலையும் இந்தப் பையும் மாமாவுக்கு.

"போனவருக்கு இன்னாக்கா இனிமே பேரு? ஜல்தியா போட்டு முடி. சும்மா பேஜாரு பண்ணிக்கினு!" என்றார் மாமா.

"அவரு எழுதினாருடா" என்றாள் அம்மா.

"எழுதினதை யாரு பாத்தா?"

நான் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. திறந்தால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவார். ஆனால் உங்களிடம் கேட்கிறேன் அப்பா. நீங்கள் இருந்தபோது ஒரு பதில் கார்டு எழுதிப் போட ஆளில்லாத கம்பெனிக்கு, நீங்கள் செத்த பிறகு பழி போட மட்டும் ஆபீசர் கிடைத்தாரா?

நீங்கள் அடித்துத் திருத்திய காகிதம் என் பூகோளப் புத்தகத்தின் அட்டைக்குள் இருக்கிறது. நாளை அம்மா பேனாவை எடுக்கும்போது அதை உரக்கப் படிப்பேன். உங்கள் இங்கிலீஷில் சில சொற்களை எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கும். இருக்கட்டும். முதல் வரியைத் தமிழில் சொன்னாலே போதும்: 'இதை ஏதாவது ஒரு குழந்தை குடித்துவிடும்.'