குளியலறைக்கு வெளிச்சம் வந்த விவரம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். இதைப் படிக்கும்போது உனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தாலும், நலமாகத்தான் இருக்கிறேன். மருமகளும் பேத்தியும் சௌக்கியம் என்று நினைக்கிறேன். பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டதாக உன் சித்தி சொன்னாள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் மறந்துவிடுவேன் என்று விட்டிருப்பீர்கள்.

போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் நான் ஒன்று சொல்வேன், நீ நடுவில் புகுந்து வேறொன்று பேசுவாய். பிறகு உன் பேச்சையே என் பேச்சாக நாலு பேரிடம் சொல்வாய். எழுத்தில் அது நடக்காது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது, பேனா பிடித்தால் மட்டும் இன்னும் இழுக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். குளியலறையைப் புதுப்பித்துவிட்டேன்.

அது முன்பு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். உன் அப்பா கட்டியபோது பக்கத்துச் சந்தைப் பார்த்து அதற்கு ஒரு ஜன்னல் இருந்தது. நீ வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது உன் சாமான்களை வைப்பதற்கென்று அந்தச் சந்தில் ஓர் அறை எழுப்பினாய். குளியலறைச் சுவரையே அந்த அறைக்கும் சுவராக்கிக்கொண்டு, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தாய். "கொஞ்ச நாளைக்குத்தாம்மா, அங்க செட்டில் ஆனதும் எடுத்துக்கிறேன்" என்றாய். பூட்டிச் சாவியையும் கொண்டுபோனாய். அதற்குப் பிறகு உனக்குப் பெண் பிறந்து, அவள் பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டாள்.

நான் இருட்டுக்குப் பயந்தவள் இல்லை. போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறையில் படம் கழுவித்தான் உன்னைப் படிக்க வைத்தேன். ஆனால் அங்கே எந்தத் தட்டு எங்கே இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும். காலடியில் எதுவும் கிடக்காது. இந்தக் குளியலறையில் ஓர் அலமாரி கிடையாது. சோப்பும் எண்ணெயும் துணி துவைக்கும் தூளும் தரையில், மருந்து டப்பா தண்ணீர்த் தொட்டி மூடியின்மேல். தரையும் சுவரும் காப்பிக்கொட்டை நிறம். கதவுக்கு மேல் இருந்த ஒற்றை பல்பு என் முதுகில்தான் அடிக்கும். முன்னால் என் நிழல் விழும், அதற்குள் என்ன கிடக்கிறது என்று காலால் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜன்னலைத் திறந்துவிடு என்று உன்னிடம் எத்தனை முறை கேட்டேன். "அதை இடிச்சா என் ரூம் போயிடும்மா. பெரிய பல்பா ஒண்ணு மாட்டிக்கோ" என்றாய்.

ஒருநாள் ஷாம்பூ பாட்டில் காலுக்கடியில் உருண்டது. விழுந்தேன். உள்ளே தாழ் போட்டிருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. இடது கைக்கு எட்டிய குவளையால் வாளியைத் தட்டிக்கொண்டே கிடந்தேன். மாடியில் குடியிருக்கும் தையல்காரப் பெண் கேட்டு, ஓடிவந்து, தோளால் இடித்துக் கதவைத் திறந்தாள். ஆஸ்பத்திரிக்கும் அவள்தான் கூட வந்தாள்.

அங்கே நீ போன் செய்தாய். "பாட்டில் அங்க இருக்கிறது உனக்கு எப்படிம்மா மறந்துச்சு?" என்று கேட்டாய். நான் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன். நீ அதையே பிடித்துக்கொண்டாய் என்று பிறகுதான் தெரிந்தது. அம்மாவுக்கு நினைவு தப்புகிறது, அடுப்பை அணைக்காமல் விடுகிறாள், தெருப் பெயர்கூடச் சொல்லத் தெரியவில்லை என்று உன் சித்தியிடம், மாமாவிடம், தையல்காரப் பெண்ணிடம்கூடச் சொல்லியிருக்கிறாய். நான் எந்த அடுப்பை அணைக்காமல் விட்டேன்? உன் சித்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, என் பெயரைக் கேட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். நான் சரியாகச் சொன்னதும் இன்னும் அதிகமாக அழுதாள்.

மாவுக்கட்டோடு படுத்திருந்தபோது ஒரு வீட்டுத் தரகர் டேப்போடு வந்தார். நீ அனுப்பியதாகச் சொல்லி ஒவ்வோர் அறையாக அளந்தார். குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு எதுவும் புரியாது என்ற தைரியத்தில், என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று உன்னிடம் பேசினார். "பாத்ரூம்தான் சார் ரொம்ப மோசம், விலை இறங்கும். பெரியம்மாவை ஹோம்ல சேர்த்ததும் சொல்லுங்க, ஆளைக் கூட்டிட்டு வர்றேன்" என்றார். என்னை எங்கே சேர்க்கப்போகிறாய் என்பதை நான் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

அன்று நான் அழவில்லை. அழுதிருந்தால் நீ தப்பித்திருப்பாய்.

மாவுக்கட்டைப் பிரித்த கையோடு கொத்தனாரை வரச்சொன்னேன். சந்தில் இருந்த அறையைப் பார்த்து, இது யாருடையது, சாவி எங்கே என்று கேட்டார். "தெரியலையேப்பா. எனக்கு இப்பல்லாம் ஞாபகமே இருக்கிறதில்ல. வேணும்னா என் மகனைக் கேளு, அவனே சொல்லுவான்" என்றேன். அவர் என் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு பூட்டை உடைத்தார்.

உள்ளே இருந்தவற்றின் விவரம் உனக்கு வேண்டுமல்லவா? சோபா கொத்தனார் வீட்டுக்குப் போயிற்று. அவர் மனைவிக்குப் புதிதாகக் குழந்தை பிறந்திருக்கிறது, சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுக்க வசதியாக இருக்கிறதாம். மருமகளின் கண்ணாடிக் கோப்பைகளைத் தையல்காரப் பெண் எடுத்துக்கொண்டாள். அவற்றில் இப்போது பொத்தான்கள் நிறம் நிறமாக இருக்கின்றன, பார்க்க அழகு. உடற்பயிற்சி சைக்கிளைப் பழைய இரும்புக்காரர் தூக்கிப்போனார். அந்தத் தேக்கு மேசையை மட்டும் நான் யாருக்கும் தரவில்லை. தச்சரைக் கூப்பிட்டு அறுக்கச் சொன்னேன். மருமகள் ஆசைப்பட்டு வாங்கிய மேசை, வெயில் படக்கூடாது என்று கம்பளி போர்த்தி வைத்திருந்தாளே, அதுதான். அறுக்கும்போது நல்ல வாசனை. நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன்.

உன் அறையின் கூரையை இறக்கிய பிறகு, ஜன்னல் செங்கல்லில் முதல் அடியை நான்தான் அடித்தேன், இடது கையால். "விடுங்கம்மா, கை போயிடும்" என்று கொத்தனார் பதறினார். சுத்தியல் சும்மா உரசிவிட்டுத்தான் வந்தது. இருந்தாலும் உன் முகத்துக்கு நேராக அடித்த மாதிரி எனக்குத் திருப்தியாக இருந்தது. பிறகு அவர் அடித்தார். செங்கல் பெயர்ந்து விழுந்ததும் வெயில் உள்ளே வந்து, எதிர்ச்சுவரில் படிந்திருந்த பாசியெல்லாம் தெரிந்தது. அத்தனை நாள் அதன் நடுவில்தான் குளித்திருக்கிறேன்.

இப்போது வந்து பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. சுவரைச் சந்துப் பக்கம் தள்ளிக் கட்டி, ஜன்னலைப் பெரிதாக்கி, வெளியே தெரியாத கண்ணாடி போட்டிருக்கிறது. உன் அறையில் ஒரு பகுதி குளியலறையோடு சேர்ந்துவிட்டது, மிச்சம் மறுபடி சந்தாகிவிட்டது. சுவர் வெள்ளை, தரை ஈரத்திலும் வழுக்காத சொரசொரப்பு. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் விளக்கு, அதனால் நிழல் விழுவதில்லை. உன் தேக்கு மேசை கைகழுவும் தொட்டிக்குக் கீழே இழுப்பறைகளாக இருக்கிறது. துண்டுகளுக்கு ஒன்று, சோப்புக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. தண்ணீர் படும் என்பதால் தச்சர் நன்றாக வார்னிஷ் அடித்திருக்கிறார். தரையில் ஒரு பொருள் கிடையாது. பிடித்துக்கொண்டு நிற்க எஃகுக் கம்பி, அதில் நானும் தையல்காரப் பெண்ணும் சேர்ந்து தொங்கினாலும் அசையாது என்றார் கொத்தனார்.

உன் பெட்டியில் கல்லூரிப் பேச்சுப் போட்டிக் கோப்பை ஒன்று இருந்தது. நல்ல உயரம், கனமான அடிப்பாகம். கழிப்பறை கழுவும் பிரஷ் நிற்பதற்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அங்கேதான் வைத்திருக்கிறேன்.

வேலை முடிந்ததும், நீ யார் யாரிடம் என்னைப் பற்றிப் பேசினாயோ அவர்களை எல்லாம் தேநீருக்கு அழைத்தேன். தரகரையும் அழைத்தேன். உன் மாமா உள்ளே நுழைந்ததும், குழந்தையிடம் பேசுவதுபோல் குனிந்து, சத்தமாக, "என்னைத் தெரியுதாம்மா?" என்றார். "தெரியாம என்னண்ணா, ஏழாம் வகுப்புல ரெண்டு வருஷம் உட்கார்ந்தவரு நீங்கதானே" என்றேன். சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லோர் கையிலும் தேநீர் வந்த பிறகு, என் மகன் என்னைப் பற்றி என்ன சொன்னான் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். மாமாதான் ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல, ஒருவருக்குச் சொன்னதும் மற்றவருக்குச் சொன்னதும் ஒன்றுக்கொன்று முட்டியது. சித்தியிடம் நான் அடுப்பை அணைப்பதில்லை, மாமாவிடம் நான் அடுப்பே பற்றவைப்பதில்லை. தரகரிடம், என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். அவர் தேநீரை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

அப்புறம் எல்லோருக்கும் குளியலறையைச் சுற்றிக் காட்டினேன். மாமா அந்தக் கோப்பையின் பக்கத்தில் குனிந்து, அதில் பொறித்திருந்ததைச் சத்தமாகப் படித்தார். 'சிறந்த பேச்சாளர்.' முதலில் சித்திதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அன்றிலிருந்து அவர்கள் யாரும் உனக்குப் போன் செய்வதில்லை என்று கேள்விப்பட்டேன். உனக்கு அங்கே எப்படி இருக்கிறதோ தெரியவில்லை. எனக்கு இங்கே நன்றாகப் பசிக்கிறது, நன்றாகத் தூக்கம் வருகிறது.

வீடு என் பெயரில் இருக்கிறது. எனக்குப் பிறகு யாருக்கு என்றும் முடிவு செய்துவிட்டேன். யாருக்கு என்று உனக்கு எழுதத்தான் நினைத்தேன், மறந்துபோச்சு.

இத்தனையும் செய்த பிறகும் என் கோபம் தீரவில்லை, மகனே. தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். காலையில் அந்த வெளிச்சத்தில் நின்று தலை வாரும்போது, வலிக்கிறதா என்று நீ இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது நினைவுக்கு வருகிறது. சீப்பை வைத்துவிட்டு அப்படியே நிற்கிறேன்.

பேத்தியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். பல் முளைக்கும் இடத்தை நாக்கால் தள்ள வேண்டாம் என்று சொல். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால், வாசல் பூட்டை மாற்றிவிட்டேன், உன் சாவி சேராது. கதவைத் தட்டு. நான் எழுந்து வருவதற்கு இப்போதெல்லாம் நேரமாகிறது. தட்டிவிட்டு உடனே போய்விடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா