சாம்பலால் கீறிய படம்

இங்கினியாகலை
4.3.1951

அன்புள்ள ஹாஜறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் சுகமாயிருக்கிறேன். உன் வயிற்றில் இருக்கும் நம் சின்னவரும் உன்னைப் போலவே ஓரிடத்தில் இருக்கமாட்டாராம், உம்மா எழுதியிருந்தா.

பகலில் அணைக்கட்டுக் கந்தோரில் வரைபடம் கீறுகிறேன். லீவு நாளில் காட்டுக்குள் வேடர் குடிசைகளுக்குப் போகிறேன். அங்கே கைரி என்றொரு பெண், அடுப்புச் சாம்பலை எச்சிலில் குழைத்துக் குகைச் சுவரில் விரலால் கீறுகிறாள். வில், நாய், ஆட்கள். வேட்டைக்குப் போகிறவனுக்கு இறந்துபோன உறவினர் துணை வருவார்களாம், அவர்களையும் கீறுகிறாள். முகமில்லை, வெறும் கோடுதான். நீ பயப்படாதே.

அவளும் நானும் சேர்ந்து ஒரு படம் செய்கிறோம். சாம்பல் அவளுடையது, சுற்றிவரச் செம்மண் என்னுடையது. கொழும்புக் கண்காட்சியில் எடுபட்டால் இரண்டு வருடம் லண்டனில் படிக்கலாம். துஆச் செய்.

உன் மச்சான்,
றஊப்

மருதமுனை
11.3.1951

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். துஆச் செய்யச் சொன்னீர்கள். எடுபட வேண்டும் என்றா, எடுபடக் கூடாது என்றா? பிள்ளை பிறக்கும்போது நீங்கள் கப்பலில் இருப்பீர்கள். அந்தப் பெண்ணின் சுவரைப் பார்க்க லீவு கிடைக்கிறது, இங்கே வரத்தான் கிடைப்பதில்லை. ஏசவில்லை, மனதில் பட்டதை எழுதினேன்.

மஜீட் காக்காவின் லொறியில் மாசிச் சம்பல் வருகிறது. அழுக்குச் சாரங்களை அவரிடமே கொடுத்துவிடுங்கள். நீங்கள் தோய்த்தால் எல்லாம் செம்மண் நிறமாகிவிடுகிறது.

ஹாஜறா

மருதமுனை
22.3.1951

அன்புள்ள மச்சானுக்கு,

மூட்டை வந்தது. சாரங்களுக்கு நடுவே, நான் நெய்து தந்த வெள்ளைத் துணியும் இருந்தது. சாம்பலும் செம்மண்ணும் எச்சிலுமாக ஒரே நாற்றம். கை துடைத்தீர்களாக்கும் என்று சவுக்காரம் போட்டு அடித்துத் தோய்த்தேன். இப்போது வேலியில் பளிச்சென்று காய்கிறது. கிழிசல் ஒன்றும் இல்லை, பிள்ளைக்கு ஏணை கட்டலாம்.

ஹாஜறா

இங்கினியாகலை
26.3.1951

ஹாஜறா,

அதுதான் படம். கந்தோரில் மழை ஒழுகுகிறது, பெட்டகத்தில் வைக்கச் சொல்லுங்கள் என்று மஜீட்டிடம் சொல்லித்தான் அனுப்பினேன். அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது. நீ கோடுகளைப் பார்க்கவே இல்லையா? நான் லண்டன் போவது உனக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்காகவா இப்படிச் செய்தாய்?

றஊப்

மருதமுனை
31.3.1951

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. அல்லாஹ் அறிய, எனக்குத் தெரியாது. படம் என்றால் கண்ணாடிச் சட்டத்தில் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். மஜீட் காக்கா வாசலில் நின்று, “புள்ளை, என்னிலதான் பிழை, மச்சானோட கதைக்கவும் வெக்கமாக் கிடக்கு” என்று அழாக்குறையாகச் சொன்னார்.

உங்களைப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. துணியைத் தோய்த்துத்தான் தடுக்க வேண்டும் என்றில்லை. இப்போது சொல்கிறேன்: போகாதீர்கள். பிள்ளையின் முகத்தைப் பார்க்குமட்டுமாவது போகாதீர்கள்.

ஆனால் உங்கள் படத்தை அழித்தது நான்தான். அதனால் புதுத்துணி நெய்து லொறியில் அனுப்புகிறேன். இடுப்பு நோகுது, பரவாயில்லை. திரும்பவும் கீறுங்கள்.

ஹாஜறா

இங்கினியாகலை
9.4.1951

என் அன்பு ஹாஜறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அப்படி எழுதியிருக்கக் கூடாது. என்னை மன்னித்துக்கொள்.

உன் புதுத்துணியோடு கைரியிடம் போனேன். பழைய படம் தண்ணீரில் போய்விட்டது, இன்னொரு தரம் கீறித்தா என்றேன். அவள் குடிசை வாசலில் ஒருவன் தேன் பிழிந்துகொண்டிருந்தான். அவனைக் காட்டிச் சிரித்தாள். “வேட்டைக்குப் போன என் மனிசன் நேற்றுத் திரும்பி வந்திட்டான். அவன் வருமட்டும் வழி பார்த்து இருந்து கீறுறதுதானே இதெல்லாம். இப்ப எதுக்கு?” என்றாள்.

எத்தனையோ தரம் போயிருக்கிறேன், ஏன் கீறுகிறாய் என்று அவளை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தனியே செம்மண்ணால் ஏதாவது தீட்டிக் கொழும்புக்கு அனுப்பலாம்தான். மனம் வரவில்லை. வெறுந்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப்பாதையில் நடந்துவரும்போது எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைக்கு நாற்பது நாள் கழியுமட்டும் வீட்டில்தான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்கு முன் வந்துவிடுவேன். எனக்கும் சேர்த்து உலை வை.

உன் மச்சான்,
றஊப்