விமான நிலையத்தில் இருண்டுபோகும் விளையாட்டு

அருள், என் செல்லக் கிறுக்கனே,

நீ போய் பதினான்கு மாதம் ஆகிறது. போன வாரம் உன் விளையாட்டும் போய்விட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் தம்பி வியட்நாமில், பின் யுவோங் என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்தான். விடுமுறை நாளெல்லாம் சைகோனில் என் வீட்டு மாடியில், கணினி முன்னால். ஏதோ ஒரு நிறுவனத்தின் பழைய கார் ஓட்டும் விளையாட்டைப் பிரித்து, அதற்குள், போர் முடிந்த எழுபத்தைந்துக்குப் பிந்தைய இந்த சைகோனைக் கட்டினான். ரசிகர்கள் இப்படி மாற்றிச் செய்வதை 'மோட்' என்பார்கள். கடையை மூடிவிட்டு ஊர் திரும்பும் ஒரு காரைக்கால் குடும்பத்தை நாம் சிக்லோ ரிக்‌ஷாவில் ஏற்றி, விமான நிலையத்தில் சேர்க்க வேண்டும். ஆறு வருட உழைப்பு.

நன்றாகத்தான் செய்திருந்தாய், அருள். த்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொள்ளும்; தகரக் கூரையில் ஒரு சத்தம், ரிக்‌ஷா படுதாவில் வேறு சத்தம். இங்கே நனைந்தவன்தான் அந்த மழையைச் செய்ய முடியும்.

ஆனால் மனிதர்கள்? அடுத்த வீட்டு லூசியா அம்மாவை விளையாட வைத்தோமே, நினைவிருக்கிறதா? அவருடைய அப்பா புதுச்சேரிக்காரர், இங்கே துணிக்கடை வைத்திருந்தவர். "தெருவு அப்படியே இருக்குதும்மா. ஆனா கடைக்காரர் ஏன் வாயே தொறக்கல? எங்கப்பா ரெண்டு நிமிஷம் சும்மா நிக்க மாட்டாரு" என்றார். நீ முகம் சிவந்து எழுந்து போனாய்.

"ஒரு தெரு போதும்டா. அதுல நாலு பேரைப் பேச வை" என்றேன்.

"ஊரு முழுக்க வேணும்க்கா. பாதி ஊரை யாருகிட்ட காட்டுறது?"

ஊர் முழுக்க வந்தது. ஆட்கள் சுவருக்குள் புகுந்து நடந்தார்கள். குடும்பத்தை விமான நிலையத்தில் இறக்கியதும் திரை இருண்டுவிடும். கடைசிக் காட்சியை நீ செய்யவே இல்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றாய். ஒரு சனிக்கிழமை மதியம், பின் யுவோங்கிலிருந்து பைக்கில் வரும்போது, லாரி மோதியது.

உன்னோடு படம் வரைந்த வியட்நாம் பெண் தாவ், முடியாத விளையாட்டை அப்படியே இணையத்தில் ஏற்றினாள். சிலர் விளையாடினார்கள். ஒருவர், "அழகான வெறும் ஊர்" என்று எழுதினார். எனக்குக் கோபம் வந்தது.

போன வாரம் அந்த நிறுவனம் மூல விளையாட்டைப் புதுப்பித்துவிட்டது. உன்னுடையது இனி திறக்காது. பழைய பதிப்பு எங்களிடம் இல்லை. உன் கணினி போன மழைக்காலத்திலேயே செத்துவிட்டது. தாவ் நான்கு நாள் போராடினாள். "அக்கா, அவன் எழுதிய நிரல் எனக்குப் புரியவில்லை. ஒரு குறிப்புகூட வைக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லி அழுதாள். ஏன்டா வைக்கவில்லை? நேரம் இருக்கிறதென்று நினைத்தாயா?

அம்மா ஒவ்வொரு ஞாயிறும் காரைக்காலிலிருந்து போனில் கேட்கிறாள்: "தம்பி செஞ்சத முடிச்சிட்டாங்களா?" "முடிஞ்சிடும்மா" என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன். இந்த ஞாயிறு சொல்ல மாட்டேன். முடியலம்மா, இனிமே முடியாது என்பேன். உன் பெயரில் இனி பொய் சொல்வதில்லை. உனக்கு என்னால் தர முடிந்த வாக்கு இவ்வளவுதான். அவள் அழுது ஓயும்வரை போனை வைக்க மாட்டேன்.

உன்னோடு சண்டை போட இன்னும் ஆசையுள்ள
உன் அக்கா,
ஸ்டெல்லா